கண்காட்சி அமைக்கும் தொழிலும் நம் இளைஞரும்

(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் தேர்ச்சி பெற்றோர் தொகையைச் சொல்லி மகிழ்வது வழக்கம். அதனை நமக்கு முன் பேசியோர் நன்கு சொல்லிவிட்டனர். ஆகவே, நம் மக்கள் நாள்தோறும் செய்துவருகின்ற, ஆயினும் தமதென்று உரிமை கொண்டாடாத ஒரு தொழிலைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம். அது வணிகக் கண்காட்சிகளை அமைத்து நடத்தும் தொழில்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பழைய மாணவர் ஒருவர் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்ற ஓர் இயந்திரக் கண்காட்சியில் சிறிய அரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கடைசல் பட்டறை வைத்திருப்பவர் அவர். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். உள்ளே எங்கும் ஆணியும் பலகையும் மின்கம்பியுமாய்க் கிடந்தன. எங்கள் அரங்கு எதுவென்று தெரியாமல் திகைத்து நின்றோம். அப்போது தோளில் விரிப்புச் சுருளுடன் ஒருவர், “ஐயா, வணக்கம்” என்றார். அவரும் நம் மாணவரே. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே இரவுப் பணி செய்பவர். எந்த வாயில் வழியே லாரி வரும், எந்தத் தூணருகே மின்சாரம் எடுக்கலாம், எங்கே கனமான இயந்திரத்தை இறக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நேராக எங்கள் அரங்கில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சற்று நேரத்தில் அமைப்பாளர் தரப்பிலிருந்து ஓர் இளம்பெண் வரைபடத்துடன் வந்து, ஓர் அரங்கு இடம் மாறியிருப்பதைச் சுட்டி அவரிடம் கேட்டார். அவர் தாளைத் தொடவும் தயங்கினார். மேற்பார்வையாளரைத் தேடி ஓடினார். திரும்பி வந்து நம்மிடம் மெல்லச் சொன்னார்: “கண்ணுக்குத் தெரியுது ஐயா, காகிதத்துல தெரியல.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அளவுத்திட்டம் என்னும் பாடத்தை அவருக்கு எட்டாம் வகுப்பில் நடத்தியவர் நாமே. தேர்வுக்காக நடத்தினோம், வாழ்வுக்காக நடத்தவில்லை. நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில், 3 மீட்டர் அரங்கு தாளில் 3 சென்டிமீட்டர். இவ்வளவே அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே நின்ற சுவர். அதன் ஒரு பக்கத்தில் நாட்கூலி. மறுபக்கத்தில் மாத ஊதியமும் மேசையும் மரியாதையும்.

நம் பென்னலூரைச் சுற்றிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலை எழுந்தது. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சேர்ந்தனர். அதனைக் குறைத்துச் சொல்லமாட்டோம், அடுப்பெரிந்தது அதனால்தான். ஆயினும் 2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டதையும் நாம் கண்டோம். ஓர் ஆலைக்கு மட்டும் பயன்படும் கைப்பழக்கம், அந்த ஆலையோடு நின்றுவிடும். எங்கும் எடுத்துச் செல்லத்தக்க திறனே ஏழையின் காணி நிலம்.

கண்காட்சித் தொழில் அத்தகைய திறன். அதற்கு நிலபுலன் வேண்டா. பரம்பரைச் செல்வாக்கு இன்றியும் பயிலலாம். அதன் வரலாறு நெடியது. 1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியை ஏறத்தாழ 60 லட்சம் பேர் கண்டனர். சென்னை அண்ணா நகரில் நிற்கும் கோபுரம், 1968-ஆம் ஆண்டு வணிகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்டதே. தில்லியில் 1972-இல் பிரகதி மைதானம் அமைந்தது. 1980 முதல் அங்கே இந்தியப் பன்னாட்டு வணிகக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. நந்தம்பாக்கம் மையமோ, மத்திய அரசின் வணிக மேம்பாட்டு நிறுவனமும் நம் மாநிலத்தின் டிட்கோ நிறுவனமும் கூட்டாக ஏற்படுத்தியது. 2001 முதல் இயங்குகிறது. நம் ஊரிலிருந்து பேருந்தேறிச் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவுதான்.

மேலைநாட்டார் இதனைப் பயிற்சி பெற்றே செய்யவேண்டிய தொழிலாக வளர்த்தனர். 1925-இல் மிலான் நகரில் இருபது ஐரோப்பியக் கண்காட்சிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. இன்று அது உலகளாவிய சங்கம். அமெரிக்கக் கண்காட்சி அமைப்பாளர் சங்கம் 1975 முதல் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. செர்மனியின் ரேவன்ஸ்பர்க் நகரில் மாணவர் சில மாதம் கல்லூரியிலும் சில மாதம் நிறுவனத்திலுமாக மாறி மாறிப் பயில்கின்றனர். கையறிவும் நூலறிவும் பிரியலாகாது என்பதே அம்முறையின் உட்பொருள்.

அவ்வாறாயின் பயில வேண்டியவை யாவை? முதலாவது, இடக்கணக்கு. 1,000 சதுர மீட்டர் கூடத்தில் நடைவழி, வாயில், அலுவலகம் நீங்க, விற்கத்தக்கது ஏறத்தாழப் பாதி. 9 சதுர மீட்டர் வீதம் 55 அரங்குகள். ஒவ்வொன்றின் வாடகையும் தெரிந்தால் வரவு தெரியும். இரண்டாவது, பணக்கணக்கு. கூடத்துக்கு முன்பணம் இன்று. அரங்கு வாடகை வந்து சேருவது பின்னர். இந்த இடைவெளியில் கடன்பட்டு வீழ்ந்தோர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் இலண்டனில் பொருளியல் முனைவரானவர் என்பதை இளைஞர் மறத்தலாகாது; கணக்கு நமக்கு அயல் அன்று. மூன்றாவது, காப்பு. தீயணைப்புத் துறையின் அனுமதி, மின்சுமை, தளம் தாங்கும் எடை, அவசர வாயில் ஆகியவற்றில் பிழை நேர்ந்தால் உயிர் போகும். நான்காவது, மொழி. தமிழும் ஆங்கிலமும் தடுமாறாமல் பேசவும், தெளிவாக ஒரு கடிதம் எழுதவும் வேண்டும். ஐந்தாவது, சொன்ன நாளில் சொன்ன மணியில் முடித்துத் தரும் நாணயம். திறப்பு விழா யாருக்காகவும் காத்திராது.

இவற்றுக்கு வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், கட்டட வரைவாளர், தச்சர் பிரிவுகள் உள்ளன. இம்மூன்றும் கண்காட்சிக் கூடத்தின் மூன்று கால்கள். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் உதவித்தொகையுடன் தொழில் பழக வழி செய்கிறது. 1974-இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் நம் இளைஞர்க்குத் திறன் பயிற்சி அளிக்கிறது.

கண்காட்சியில் பொருள் காட்டுவோர்க்கும் துணை உண்டு. 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, மத்திய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் பெற இலக்கு வகுத்தது. 2016-இல் தொடங்கிய தேசிய மையம், அன்னோர் கண்காட்சிகளில் அரங்கு எடுக்க நிதியுதவி செய்கிறது. 2005-இல் மிலிந்த் காம்ப்ளே தோற்றுவித்த தலித் தொழில் வணிகப் பேரவை, 2011-இல் மும்பையில் தானே ஒரு வணிகக் கண்காட்சி நடத்திக் காட்டியது. வாங்குவோரைத் தேடி அலைந்தவர்கள், வாங்குவோர் தம்மைத் தேடி வரும் களத்தைத் தாமே அமைத்தனர். ஆகவே, நம்மால் இயலுமா என்னும் ஐயம் வேண்டா.

இத்தொழில் இனிதே என்று ஏமாற்றவும் மாட்டோம். இரவு விழிக்க வேண்டும். சில திங்கள் வேலை குவியும், சில திங்கள் இராது. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் கேட்டு முகம் மாறுவோர் அங்கும் உண்டு. ஆயின், கணக்கும் வரைபடமும் கையில் உள்ளவனை எளிதில் விலக்க இயலாது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். விழா நிதியின் மிச்சத்தில் ஊர் முகப்பில் நுழைவு வளைவு கட்டலாம் என்று ஆட்சிக் குழுவில் கருத்து உள்ளது. பெரியோர் நம்மைப் பொறுத்தருள்க. வளைவின் கீழே நம் பிள்ளைகள் கூலிக்குப் போவதும் வருவதுமாய் இருப்பின் அதனால் யாது பயன்? அந்நிதியில் முதலாண்டு பத்து இளைஞரையும் பெண்களையும் பயிற்சிக்கு அனுப்புவோம். அடுத்த ஆண்டு நம் பள்ளித் திடலில் இரண்டு நாள் கண்காட்சி ஒன்றை அவர்களே நடத்தட்டும். நம்மவரின் பட்டறை, தையல், உணவு, அச்சு யாவும் இடம் பெறட்டும். வரைபடம் அவர்கள் வரையட்டும். வரவு செலவை இம்மேடையில் படிக்கட்டும். நட்டம் வந்தாலும் அது கல்விச் செலவே.

ஆசிரியர் யார் என்று வினவுவீர்கள். விரிப்புச் சுமந்த அந்த மாணவரிடம் இதனைச் சொன்னோம். “ஞாயித்துக்கிழமை நான் வரேன் ஐயா” என்றார். கைவேலையை அவர் கற்பிப்பார். அளவுத்திட்டத்தை அவருக்கும் சேர்த்து நாம் மீண்டும் ஒருமுறை, இம்முறை வாழ்வுக்காக, கற்பிப்போம். கரும்பலகை நம்மிடம் உள்ளது. அவையோர் இசைவு ஒன்றே வேண்டும்.