முதல் தெளிப்பும் மாலை வாசமும்



"கெமிக்கல் இன்ஜினியர்தானே நீங்க? எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு விஷயம் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். நான் எடுத்துக்கொண்டது சென்ட். சிரிக்காதீர்கள்! நம் லேபில் வடித்தல் சோதனை செய்து சலித்தவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் 2005-இல் எலிசபெத் ஆர்டன் நிறுவனம் வெளியிட்ட 'ஃபேன்டஸி'யை எடுத்துக்கொள்வோம். பச்சைக் கற்கள் பதித்த இளஞ்சிவப்பு உருண்டை பாட்டில். லிச்சி, கிவி, வெள்ளை சாக்லெட், கப் கேக், மல்லிகை, கஸ்தூரி, ஐரிஸ் வேர் என்று அதன் வாசனைப் பட்டியல் நீளும். "நட்சத்திரத்தின் பெயரை ஒட்டி விற்கிற சரக்குதானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அதை மாலை வரை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மணிக்கட்டில் தெளித்ததும் என்ன நடக்கிறது? ஏறத்தாழ 33 டிகிரி சூட்டில் இருக்கும் நம் தோலே ஒரு வடிகலம். முதலில் ஓடிப்போவது ஆல்கஹால். அதன் கொதிநிலை 78 டிகிரி. அடுத்து, எளிதில் ஆவியாகும் பழ வாசனைகள். கடையில் நம்மை மயக்குவது இவைதான். அரைமணி நேரம் போனால் இவை அடங்கிவிடும். பிறகுதான் கேக் வாசம் வரும். இந்த ரக சென்ட்டுகளில் இனிப்புக்கு முதுகெலும்பு வெனிலின், எத்தில் மால்டால் போன்ற பொருள்கள். எத்தில் மால்டாலை முகர்ந்தால் திருவிழாப் பஞ்சுமிட்டாய் நினைவுக்கு வரும். வெனிலினின் கொதிநிலை 285 டிகிரி. அது அவ்வளவு சீக்கிரம் தோலை விட்டுக் கிளம்பாது.

கடைசியில் தங்குவது கஸ்தூரியும் பவுடர் வாசமும். முகப் பவுடர் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த ஜாதி. இதற்கு மூலம் ஐரிஸ் செடியின் வேர்த்தண்டு. அதை ஆண்டுக்கணக்கில் காயவைத்தால்தான் மணம் பிறக்கும், விலையோ எக்கச்சக்கம். அந்த மணத்தின் ரகசியத்தைத் தேடிய டீமன், க்ரூகர் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் 1893-இல் அயனோனைத் தயாரித்தார்கள். அதற்கு வேண்டிய சிட்ரால் எலுமிச்சைப்புல் எண்ணெயில் தாராளமாக உண்டு. கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய எண்ணெய்தான், ஐயா! பக்கத்து மாநிலத்துப் புல்லுக்கும் உலகத்துப் பவுடர் வாசத்துக்கும் அப்படி ஓர் உறவு.

உபயோகிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வறண்ட தோலில் சென்ட் சீக்கிரம் பறந்துவிடும். வாசனையில்லாத க்ரீம் கொஞ்சம் தடவிக்கொண்டு தெளித்தால் நிற்கும். நம் ஊர் வெயிலில் எல்லாமே வேகமாக ஆவியாவதால் இனிப்பு முகத்தில் அடிக்கும். ஒரு தெளிப்பு போதும். முக்கியமானது இதுதான்: நம் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். "வாசனையே போயிடுச்சே" என்று நாம் மறுபடி தெளிப்போம். பக்கத்து சீட்காரருக்கோ அது போயே இருக்காது. அவருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் நம் வாசம் அவருக்கு வேதனை. ஏ.சி. அறையில் உட்காரப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

தம்பி தங்கைகளே, பாட்டிலின் மேலுள்ள பெயர் முதல் பாட்டிலை விற்கும். இரண்டாவது பாட்டிலை விற்பது, மாலை வரை தோலில் தங்குகிற சரக்கு. நம் கல்லூரியின் பெயரும் அப்படித்தான். முதல் இன்டர்வியூவில் கதவைத் திறந்துவிடும். எங்கள் பலருக்கும் திறந்துவிட்டது. அதற்கப்புறம் அங்கே நிற்க வைப்பது, இந்த லேபில் நின்று நீங்கள் கற்றுக்கொண்ட கனமான சங்கதிகள். அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.