இல்லத்தை விட்டு வரும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் கூடினால் நாம் சம்பளம் பேசுகிறோம், வீடு பேசுகிறோம், கொழுந்து நிறுவை பேசுகிறோம். இன்று நம் பேச்சில் வராத சிலரைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் சிறுவர் இல்லங்களில் வளரும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்.

அவர்கள் எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் அல்லர். தாய் மத்திய கிழக்குக்குப் போனதால், தகப்பன் குடியில் விழுந்ததால், பாட்டியால் பார்க்க முடியாமல் போனதால் இல்லத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அங்கே சோறும் படிப்பும் கிடைக்கும். ஆனால் 18 வயது நிறைந்தால் சட்டப்படி அவர்கள் சிறுவர் அல்லர். வெளியேறும் நாள் வந்துவிடும்.

நம் வீட்டுப் பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போய், அது சரிவராவிட்டால் திரும்பி வர ஒரு லயத்துக் காம்பரா இருக்கிறது. காய்ச்சல் என்றால் கசாயம் வைக்க ஆள் இருக்கிறது. இல்லத்திலிருந்து வருகிற பிள்ளையின் கையில் ஒரு பை மட்டுமே. அந்தப் பிள்ளையைத் தேடி முதலில் வருபவர் தரகர். கடை வேலை, வீட்டு வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பார். கேட்க ஆளில்லை என்று தெரிந்தால் சம்பளமும் ஒழுங்காக வராது.

இதில் நம்மால் ஆகக்கூடிய மூன்று வேலைகள் உண்டு.

முதலாவது, பத்திரம். பத்திரம் இல்லாதவரின் பாடு என்னவென்று, 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட நம் சமூகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பதியப்படாமல் இருந்தால், காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தை நாடலாம். பெற்றோர் யார், எந்த டிவிசன், எந்த லயம் என்ற விபரம் நம்மிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது, பெற்றோர் உழைத்த பணம். தோட்டத்தில் வேலை செய்த தாயோ தகப்பனோ இறந்திருந்தால், ஊழியர் சேமலாப நிதியில் உள்ள பணம் அவர் பெயர் குறித்தவருக்கோ சட்டப்படியான வாரிசுகளுக்கோ சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியும் அப்படியே. அது எடுக்கப்பட்டதா, யார் எடுத்தார் என்று கமிட்டி விசாரிக்க வேண்டும். தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பணம் பஸ் காசாகவும் சாப்பாடாகவும் ஆகும்.

மூன்றாவது, உறவு. 18 வயதில் ஓடிப்போய்ப் பார்ப்பதில் பயனில்லை. 15, 16 வயதிலேயே இல்லப் பொறுப்பாளரிடமும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் பேசத் தொடங்க வேண்டும். அவர்கள் அனுமதியோடு தீபாவளி, பொங்கலுக்குப் போய்ப் பார்க்கலாம். வெளியே வந்தபின் சில மாதங்கள் தங்க, நம்பிக்கையான ஒரு குடும்பத்தை முன்கூட்டியே பேசி வைக்கலாம். “இல்லத்துப் பிள்ளை” என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதை இன்றோடு நிறுத்தலாம். அதற்குக் காசும் தேவையில்லை.

பிள்ளையை இல்லத்தில் விட்டிருக்கும் பெற்றோரே, வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். உங்கள் முகவரி மாறினால் உடனே அறிவியுங்கள்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த வேலைக்கு இருவரை நியமிக்கக் கேட்கிறோம். அவர்களில் ஒருவர் மாதர் அணியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நம் தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் எந்த இல்லங்களில், என்ன வயதில் இருக்கிறார்கள் என்ற விபரத்தோடு வாருங்கள். மற்ற வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.