நம் ஊர்ப் பாறையும் ஆராய்ச்சியும்

(ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் மாணவ, மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





'உயர்கல்வியும் ஆராய்ச்சியும்' எனும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் 30 ஆண்டுகள் வணிகவியல் கற்பித்தவன். பறவைகளைப் பற்றியோ பாறைகளைப் பற்றியோ பேச எனக்குப் பட்டம் கிடையாது. எனினும் இன்று அவற்றைப் பற்றியே பேசப் போகிறேன். அதற்கு முன் உங்கள் முன்னிலையில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளை மதிப்பிட, புறத்தேர்வாளராக ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் மனநிறைவு குறித்து ஒரு மாணவர் எழுதியிருந்தார். 120 பேரிடம் வினாநிரல் கொடுத்து விடை பெற்றதாகக் கூறி, அட்டவணைகள் எல்லாம் அழகாகப் போட்டிருந்தார். நல்ல மதிப்பெண் வழங்கினேன். அதே வாரத்தில் வேறொரு கல்லூரிக்குச் சென்றேன். அங்கும் சுற்றுலாப் பயணிகளின் மனநிறைவு. ஊர் மட்டும் இராமேசுவரம். அதே 120 பேர், அதே அட்டவணை, அதே விழுக்காடு. 43ஆம் பக்கத்தில் மாற்ற மறந்திருந்தார்கள் போலும்; இராமேசுவரத்தில் குளிர் அதிகமாக இருப்பதாகவும், ஏரியில் படகுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றும் பயணிகள் கேட்டுக்கொண்டதாக அதில் இருந்தது!

"தம்பி, இராமேசுவரம் போயிருக்கிறாயா?" என்று கேட்டேன். "இல்லை சார்" என்றார். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஆயத்தமாக வைத்திருக்கிறார்களாம். பெயரையும் ஊரையும் மாற்றித் தந்துவிடுவார்களாம். அவருக்கு வேலை உறுதியாகியிருந்தது. தந்தையார் கடன் வாங்கிப் படிக்க வைத்திருந்தார். நான் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையொப்பமிட்டேன். அந்தக் கையொப்பம் இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்த ஏட்டை நம்பி யாராவது ஒருவர் இராமேசுவரத்தில் கம்பளிக் கடை திறந்திருந்தால் அவருடைய முதல் என்னவாகியிருக்கும்?

பிறர் எழுத்தைத் திருடுவதற்கு எதிராகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் விதிமுறைகளை வெளியிட்டது. சொற்கள் ஒத்திருப்பதைக் கணினி கண்டுபிடித்துவிடும். ஆனால் போகாத ஊருக்குப் போனதாகவும், கேட்காதவரிடம் கேட்டதாகவும் எழுதுவதைக் கணினி எளிதில் கண்டுகொள்வதில்லை. ஆராய்ச்சி என்பதன் முதல் நிபந்தனை மிக எளியது: போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

போய்ப் பார்ப்பதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே. நம் கொட்டாம்பட்டியிலிருந்து மேலூர் நோக்கிப் பேருந்தில் செல்லும்போது கருங்காலக்குடியைக் கடக்கிறீர்கள். அங்குள்ள பாறைக் குன்றில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும், பழந்தமிழ் எழுத்தும், பழங்கால ஓவியங்களும் இருக்கின்றன. எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறீர்கள்? நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேலூருக்கு மேற்கே மாங்குளம் என்றொரு ஊர். அதனருகே மீனாட்சிபுரம் மலைக் குகைத்தளத்தில் சில கோடுகள் வெட்டப்பட்டிருந்தன. 1882ஆம் ஆண்டு இராபர்ட் சீவல் எனும் ஆங்கிலேய அதிகாரி அவற்றைக் கண்டு பதிவு செய்தார். அவரால் படிக்க இயலவில்லை. 1924ஆம் ஆண்டு கே.வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகை எழுத்துக்களின் மொழி தமிழே என்று எடுத்துரைத்தார். அப்போதும் முழுப் பொருள் துலங்கவில்லை. 1965ஆம் ஆண்டில்தான் ஐராவதம் மகாதேவன் அங்கே பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரை வாசித்தார். கண்டதற்கும் பெயர் துலங்கியதற்கும் இடையே 83 ஆண்டுகள்! கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என அவர் கணித்த அந்த வரிகளால், நூல்களில் மட்டும் நாம் அறிந்திருந்த ஒரு மன்னர் பெயருக்குக் கல்லிலே சான்று கிடைத்தது. மகாதேவன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து இதைச் செய்தவர் அல்லர். இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. அலுவல் போக மிஞ்சிய நேரத்தில் மலை மலையாக ஏறி இறங்கியவர். படிக்கத் தெரியாவிட்டாலும் பதிந்து வைத்தாரே, அந்த சீவலையும் நான் ஆராய்ச்சியாளர் வரிசையில் சேர்ப்பேன்.

இந்த மீனாட்சிபுரத்தை ஒட்டியதே அரிட்டாபட்டி. கடந்த சில ஆண்டுகளில் அந்தப் பெயரைக் கேளாதவர் நம் வட்டாரத்தில் இருக்க முடியாது. ஆனால் முழக்கங்கள் எழுவதற்கு முன்னர் அங்கே நடந்த ஒரு வேலையைப் பற்றிப் பலர் அறியமாட்டார்கள். மதுரையிலிருந்து பறவை ஆர்வலர்கள் அதிகாலையில் இருநோக்கியும் குறிப்பேடுமாக அங்கே வந்துகொண்டிருந்தார்கள். கண்ட பறவை, கண்ட நாள், கண்ட இடம் என எழுதினார்கள், படம் எடுத்தார்கள், கைப்பேசியில் பதிந்தார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் அங்கே வாழ்வது அவ்வாறு உறுதிப்பட்டது. இவற்றுக்குச் செங்குத்தான பாறையும் அமைதியும் வேண்டும். பட்டியல் சுமார் 250 பறவை இனங்கள் வரை நீண்டது. அழுங்கு எனப்படும் எறும்புதின்னியும், தேவாங்கும், மலைப்பாம்பும் அதில் சேர்ந்தன. ஊரார் தம் பங்குக்கு 72 ஏரிகளையும், 200 ஊற்றுகளையும், 3 தடுப்பணைகளையும் கணக்கிட்டுச் சொன்னார்கள். குன்றுகள் ஏழு. குன்றில் விழும் மழை வெடிப்புகளின் வழியே இறங்கி ஊற்றாகிக் கண்மாய்க்கு வருகிறது. பொறியியல் மாணவர்கள் பார்த்தால், கண்மாயிலிருந்து கண்மாய்க்கு நீரைக் கடத்திய பழையவர்களின் மட்டக் கணக்கை வியக்காமல் இருக்கமாட்டார்கள்.

இத்தனையும் தாளில் ஏறியதன் பயனாக, 2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 478 ஏக்கர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகள். 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி வட்டாரம் எனும் பெயரில் 2,015.51 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் கனிமத்திற்காக ஒன்றிய அரசால் ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. பல்லுயிர்த் தலத்தின் நிலமும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கனிமம் இருப்பதைக் கண்டவர்களும் ஆராய்ச்சியாளர்களே. 1851இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் சும்மா இருந்து சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியசில்தான் உருகும். துளையிடும் கருவிக்கும், வெட்டும் கருவிக்கும், பாதுகாப்புத் தளவாடங்களுக்கும் அது வேண்டும். நாட்டுக்குத் தேவையான பொருள் என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய வரைபடமும் உண்மை; பறவை பார்த்தவர்களின் பட்டியலும் உண்மை. ஒரே பாறையை இரண்டு துறையார் இரண்டு விதமாகப் பார்த்தார்கள். ஒருவர் ஏட்டை மற்றவர் உரிய காலத்தில் புரட்டிப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம். துறைகளுக்கிடையே கதவு திறந்திருக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோமே, அந்தக் கதவு மூடியிருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து ஊர்க்காரர்கள் தெருவில் நின்று அறிந்துகொண்டார்கள்.

2024 டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7இல் பல்லாயிரம் பேர் மதுரை நோக்கி நடந்தார்கள். சனவரி 23இல் ஏலம் ரத்தானது. ஆராய்ச்சிதான் மலையைக் காத்தது என்று நான் சொன்னால், வெயிலில் நடந்த தாய்மார்களுக்கு அது துரோகமாகும். மக்கள்தாம் காத்தார்கள். எனினும், "இங்கே ஒன்றுமில்லை, வெறும் பாறை" என்று எவரும் சொல்ல முடியாதபடி அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது.

அந்தத் தாள் இல்லாத குன்றுகள் என்னவாயின? நம் கண் முன்னால் நடந்ததுதானே! கீழவளவில் கற்படுக்கையும் பழைய எழுத்தும் உள்ள பஞ்சபாண்டவர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்ததால் நிற்கிறது. அதைச் சுற்றிலும் இருந்த பாறைகள் கிரானைட் பலகைகளாகி வெளிநாடு போயின. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் அதிகாரி உ. சகாயத்தை ஆணையராக நியமித்து, 2015 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். அறிக்கையில் பண இழப்புக்குக் கணக்கு உண்டு. ஆனால் வெட்டிப்போன குன்றுகளில் என்னென்ன பறவை கூடு கட்டியது, எத்தனை ஊற்று இருந்தது, எந்தக் கண்மாய்க்கு நீர் போயிற்று என்று கேட்டால் யாரிடம் ஏடு இருக்கிறது? என் தலைமுறை படித்த தலைமுறை. நாங்கள் அந்தச் சாலையில் நாள்தோறும் பேருந்தில் போய் வந்தோம். ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

எழுதுவதற்குப் பெரும் படிப்பு வேண்டுமா என்று கேட்பீர்கள். பறவை ஆய்வில் உலகம் மதிக்கும் சாலிம் அலி (1896–1987) பம்பாயில் சிறுவனாக இருந்தபோது, தாம் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, "இது என்ன குருவி?" என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். பல்கலைக்கழகத்தில் படித்துப் பெறும் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. இன்று கோயம்புத்தூர் ஆனைகட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு நிலையமே இருக்கிறது.

மதுரையிலேயே மற்றொரு சான்று தருகிறேன். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கை என்ன செய்யலாம் என்று 2001 வாக்கில் சிந்திக்கத் தொடங்கினார். ஜல்லியைச் சூடாக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் அவை உருகி மெல்லிய பூச்சாகப் படிகின்றன. பிறகு தார் கலந்தால் பிடிப்பு கூடுகிறது. நீர் உட்புகுவது குறைகிறது. முதலில் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2018இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவர் வேதியியலார், வேலை நடந்தது சாலைப் பொறியியலில். துறை மாறி நடப்பதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. இப்போது அரிட்டாபட்டிப் பாறைகளைக் காணக் கார்களில் வருகிறவர்கள் விட்டுச் செல்லும் தண்ணீர் பாட்டில்களையும் தின்பண்ட உறைகளையும் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவே வருகிறது. சுற்றுலாவை நான் எதிர்ப்பவன் அல்லன். ஊர்ப் பிள்ளைகள் வழிகாட்டிகளாகி நாலு காசு பார்க்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறினால் வல்லூறு கூட்டை விட்டுப் போகாது என்பதை யாராவது எண்ணிச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏட்டில் ஊர்ப் பெயரை மாற்றினால் அந்த விடை கிடைக்காது.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் முத்தவல்லி அவர்களிடம் அனுமதி பெற்று, நம் பள்ளிவாசலின் பழைய வரவு செலவுப் பேரேடுகளைப் புரட்டினேன். வணிகவியல்காரனுக்கு அதைவிடச் சுவையான நூல் வேறு ஏது? நன்கொடை, எண்ணெய், பாய், வெள்ளையடிப்பு என்று போய்க்கொண்டிருந்த பக்கங்களில், கிணறு தூர்வாரிய கூலி, கிணற்றை ஆழப்படுத்திய கூலி, புதுக் கயிறு என்று மூன்று நான்கு இடங்களில் இருந்தது. கயிற்றின் நீளத்தையும் ஒரு கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கயிறு நீண்டுகொண்டே போகிறது! நம் ஊர் நிலத்தடி நீரின் வரலாற்றை, தாம் எழுதுகிறோம் என்று அறியாமலேயே அவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆழ்குழாய்க் கிணறு போட்ட பிறகு அந்த வரிகள் நின்றுவிட்டன.

பழைய கிணறு இன்னும் மூடப்படவில்லை. செயலாளர் அவர்களிடம் பேசியிருக்கிறேன், தடை சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளில் விருப்பமுள்ளோர் வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் கிணற்றடிக்கு வாருங்கள். பெண் பிள்ளைகள் தாயாரையும் அழைத்து வரலாம். அளவு நாடாவும், பழைய பேரேட்டின் நகலும், கோடு போட்ட புது நோட்டும் நான் கொண்டு வருகிறேன். கயிறு மட்டும் யாராவது கொண்டு வர வேண்டும், நீளமானதாக இருக்கட்டும்.