நெல்வயலில் தொடங்கிய சூழலியல்

(பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் தமிழ்த் தோழர்களிடையே நடைபெற்ற தோழர் வி.எஸ். நினைவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

2025 ஜூலை 21 அன்று மறைந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தனைப் புன்னப்புரா-வயலாரோடும் 1964ஆம் ஆண்டோடும் இணைத்தே நினைவுகூர்கிறோம். இன்று நான் அவருடைய நெல்வயலைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

தையற்கடையிலும் கயிறு ஆலையிலும் உழைத்த இளைஞரை விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டுமாறு குட்டநாட்டுக்கு அனுப்பியவர் தோழர் பி. கிருஷ்ணபிள்ளை. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம் அது. அங்கே ஒரு வயலைத் தூர்த்தால் உடைமையாளருக்கு மனை விலை கிடைக்கும். நாற்று நட்டவருக்கு வேலைநாள் போகும். வெள்ளத்துக்கு நிற்க இடம் போகும். அவருடைய சூழலியல் புத்தகத்தில் தொடங்கவில்லை, கூலியில் தொடங்கியது.

1990களின் பிற்பகுதியில், நெல்வயல்களை வேறு பயிருக்கு மாற்றுவதை எதிர்த்து விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடியபோது அவர் முன்னின்றார். ‘வெட்டிநிரத்தல்’ என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. சிறு விவசாயியின் பயிரும் அதில் சாய்ந்தது என்ற விமர்சனத்தை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது; அவர் முதல்வராக இருந்த 2008இல் அது இரண்டரை லட்சத்துக்கும் கீழ். அந்த ஆண்டில்தான் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி, ஊராட்சித் தலைவரும் வேளாண் அலுவலரும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் அமரும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. காவல் பொறுப்பு தலைமைச் செயலகத்தோடு நின்றுவிடவில்லை, ஊருக்கும் வந்தது.

எண்டோசல்ஃபானுக்கு எதிராக 2011 ஏப்ரல் 25 அன்று, முதல்வராக இருந்தபோதே அவர் உண்ணாநோன்பு இருந்ததை நீங்கள் அறிவீர்கள். வாலிபர் சங்கத்தின் மனுவின் மீது அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் அந்த நெல்வயல் சட்டத்தைத் திருத்தி, தூர்த்த நிலத்தில் ஒரு பகுதியைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வழி செய்தது இடது முன்னணி அரசே. அதே ஆண்டு ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நான் கூறவில்லை. ஆயினும் வெள்ளம் வடிந்த பிறகு அந்தத் திருத்தத்தை மீண்டும் எடுத்துப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

நம் நகருக்கு வருவோம். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் படுகை. கண்டீரவா மைதானம் சம்பங்கி ஏரி. தூர்த்தவர் ஒருவர், மழைநாளில் இடுப்பளவு நீரில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் வேறொருவர். ராஜகாலுவே ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று புல்டோசர் வரும்போது, அது முதலில் யாருடைய வாசலில் நிற்கிறது? 2007இல் மூணாறில் அவர் அனுப்பிய புல்டோசர் சொகுசு விடுதிகளின் மீது ஏறியது. கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. பணி பாதியில் நின்றது. அது ஏன் நின்றது என்பதைக் கிளைக் கூட்டத்தில் வைத்து விவாதியுங்கள். நம் பகுதியின் கால்வாய் வரைபடத்தையும் கையோடு கொண்டு வாருங்கள்.