நடுவானத்துல என்ஜினை ஆஃப் பண்ணினவங்க

இந்த எபிசோடை ஏழாயிரம்பண்ணையில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ஏதாவது பட்டாசு சத்தம் கேட்டா பயந்துடாதீங்க. எங்க ஊர்ல அது வருஷம் பூரா கேட்கும்.

போன மாசம் அப்பாவோட பழைய பைக்கை எடுத்துட்டு சாத்தூர் கிளம்பினேன். பாதி வழியில வண்டி நின்னுடுச்சு. பெட்ரோல் டியூப் வெளியில பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனா உள்பக்கம் ரப்பர் இறுகி, பொடியா உதிர்ந்து கார்புரேட்டரை அடைச்சிருந்தது. மெக்கானிக் அண்ணன் கேட்டார்: “இது எத்தனை வருஷ டியூப் தம்பி?” எனக்கும் தெரியலை, அப்பாவுக்கும் தெரியலை. நாலு கிலோமீட்டர் தள்ளினேன், அதோட போச்சு. இதே டியூப் ஒரு குட்டி விமானத்துல இருந்திருந்தா? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

ரெண்டு பேர் உட்கார்ற சின்ன விமானங்கள்ல உலகம் பூரா ரொம்பப் பிரபலமான என்ஜின், ஆஸ்திரியாவுல தயாராகிற ரோடாக்ஸ் 912. நாலு சிலிண்டர், 1352 சிசி, 100 குதிரைத்திறன். அளவுல ஒரு சின்ன கார் என்ஜின்தான். ஆனா பராமரிப்புல பெரிய வித்தியாசம் இருக்கு. இப்போ வர்ற 912-க்கு 2000 மணி நேரம் ஓடினாலோ, 15 வருஷம் ஆனாலோ, எது முன்னாடி வருதோ, அப்போ முழு ஓவர்ஹால். பெட்ரோல், கூலன்ட் போற ரப்பர் ஹோஸ்களை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். நல்லா இருந்தாலும் மாத்தணும்!

ஏன் வருஷக் கணக்கு? பொழுதுபோக்குக்காகப் பறக்கிறவங்க வருஷத்துக்கு 50 மணி நேரம் பறந்தாலே அதிகம். மத்த நேரம் விமானம் ஷெட்லதான் நிக்கும். மீட்டர் ஓடலைன்னாலும் ரப்பருக்கு வயசாகிட்டேதான் இருக்கும்.

எங்க சித்தி பட்டாசு ஆலையில வேலை பார்க்கிறாங்க. ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உட்காரக்கூடாதுன்னு விதி. ஒண்ணும் ஆகாத நாள்ல அது வீண் விதி மாதிரித்தான் தெரியும். ஆனா அந்த விதியை மீறின இடங்கள்ல என்ன ஆச்சுன்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். 5 வருஷ ஹோஸும் அதே மாதிரிதான். நல்லா இருக்கிற பொருளைத் தூக்கிப் போடுற செலவுலதான் பாதுகாப்பு இருக்கு.

சரி, இப்போ அப்கிரேடுக்கு வருவோம். நம்ம நாட்டுலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பெங்களூருல இருக்கிற என்ஏஎல் உருவாக்கின ஹன்சா, ரெண்டு பேர் போற பயிற்சி விமானம். முதல்ல பறந்தது 1993-ல. பிறகு வந்த ஹன்சா-3-ல ரோடாக்ஸ் 914. டர்போ இருக்கு, பெட்ரோல் கொடுக்க ரெண்டு கார்புரேட்டர். புது ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பர்ல பறந்தது. அதுல 912 ஐஎஸ்சி, அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்ஜின்.

2020-ல பிஎஸ்6 வந்தப்போ நம்ம பைக்குகளுக்கு நடந்ததும் இதே மாற்றம்தான். கார்புரேட்டர்ல ரெண்டு பக்கமும் சமமா இல்லைன்னா என்ஜின் அதிரும். மிதவை பெட்ரோலைக் குடிச்சு முங்கினா என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாப் போகும். ஈரக்காத்து இருந்தா, கொஞ்சம் வெயில் அடிச்சாலும், உள்ள ஐஸ் பிடிச்சுக்கும். இன்ஜெக்‌ஷன்ல இந்தத் தொல்லைங்க போயிடும், பெட்ரோலும் மிச்சம்.

அப்போ பிரச்சினை தீர்ந்துதா? இல்லை. கார்புரேட்டருக்கு கரண்ட் தேவையில்லை. இன்ஜெக்‌ஷன் என்ஜின் கரண்ட் இல்லாம ஓடாது. அதனாலதான் அதோட கம்ப்யூட்டர்ல ரெண்டு தனித்தனி சேனல், கூடவே ரெண்டு ஜெனரேட்டர். எங்க சர்வர் வேலையில நாங்க பேக்கப் வைக்கிற மாதிரியேதான். முன்னாடி காது வெச்சு கேட்டு ட்யூன் பண்ணினவர், இனிமே ஒயரிங், கனெக்டர், எர்த் எல்லாம் பார்க்கணும், லேப்டாப்பை மாட்டி டேட்டா படிக்கணும். அப்கிரேடு பழைய கோளாறை எடுத்துட்டு, வேற மாதிரி கோளாறைக் கையில கொடுக்கும். பராமரிக்கிறவர் புதுசா கத்துக்கலைன்னா, புது என்ஜின் பழசை விட ஆபத்து.

கோட்ல ஒரு லைப்ரரியை மாத்தினா மொத்தத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும்ல? ஹன்சாவுக்கும் அதான் நடந்தது. பெங்களூரு கிட்டத்தட்ட 3000 அடி உயரத்துல இருக்கு, அங்க காத்தோட அடர்த்தி கம்மி. கடல் மட்டத்துல என்ஜின் எப்படி நடந்துக்குதுன்னு பார்க்க, 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நம்ம புதுச்சேரிக்கு விமானத்தைக் கொண்டு வந்தாங்க. 140 கடல் மைல், ஒன்றரை மணி நேரம். அங்க 18 மணி நேரம் பறந்துட்டு மார்ச் 5-ஆம் தேதி திரும்பிப் போச்சு.

அப்புறம்தான் எனக்குப் பிடிச்ச டெஸ்ட். அதே வருஷம் மே மாசம், கர்நாடகாவுல சல்லகெரே. 7000, 8000 அடி உயரத்துல விங் கமாண்டர் கே.வி. பிரகாஷும் விங் கமாண்டர் என்.டி.எஸ். ரெட்டியும் என்ஜினை வேணும்னே ஆஃப் பண்ணினாங்க. பிறகு காத்துல சுத்துற ப்ரொப்பெல்லரோட, ஸ்டார்ட்டர் உதவியில திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க. நாளைக்கு ஒரு ஸ்டூடண்ட் பைலட் மேல இருக்கும்போது என்ஜின் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகுமாங்கிற கேள்விக்கு, இவங்க முன்னாடியே போய் பதில் வாங்கிட்டு வந்தாங்க.

என் பைக்குக்கு இப்போ புது டியூப். மாத்தின தேதியை ஆர்.சி. புக் கவர்லயே எழுதி வெச்சுட்டேன். உங்க வண்டி பெட்ரோல் டியூபுக்கு என்ன வயசு? இன்னைக்குப் போய்ப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.