பழைய வினாத்தாளும் பீஜகணிதத் தேர்வும்

(நமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலாசாலைப் பீஜகணிதத் தேர்வு நெருங்குங் காலத்து நும்மிற் பலர் பழைய வினாத்தாள்களைத் தேடித் தொகுத்தலைக் காண்கின்றோம். அது நன்றே. ஆயின், அவற்றைக் கையாளும் முறை அறியாமையால் விளையுங் கேட்டினை நாம் பட்டறிந்தோமாதலின், அதனையே ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

தமிழாசிரியராகு முன்னர்க் கணிதம் பயில ஒரு கலாசாலையிற் சேர்ந்தோம். பத்தாண்டு வினாக்களை விடைகளோடு நெட்டுருச் செய்தோம். மூலங்கள் கூட்டுத்தொடரில் அமைந்த முப்படிச் சமன்பாடு அவற்றில் அடிக்கடி வந்தது. மூலங்களின் கூட்டுத்தொகை 12, பெருக்குத்தொகை 28 எனின், 12-ஐ மூன்றால் வகுக்க நடுமூலம் 4 ஆம்; ஏனையவை 1, 7. இதனை உறக்கத்திலும் ஒப்பிப்போம். தேர்விலோ, மூலங்கள் பெருக்குத்தொடரில் உள்ளன என்று வினவினர். கூட்டுத்தொகை 14, பெருக்குத்தொகை 64. நாம் 14-ஐ மூன்றால் வகுத்துத் திகைத்தோம்! பெருக்குத்தொடரில் மூன்று மூலங்களின் பெருக்கம் நடுமூலத்தின் கனமாகும். ஆதலின் 64-இன் கனமூலமாகிய 4 நடுமூலம். ஏனையவை 2, 8. முன்னையதில் மூன்றால் வகுப்பது ஏன் என்று ஒருமுறை ஆராய்ந்திருப்பின், பின்னையதும் விளங்கியிருக்கும். ஆராய்ந்திலோம், தவறினோம். எந்தையார் நெல் விற்றுக் கட்டிய ஓராண்டுச் சம்பளம் வீணாயிற்று.

கும்பகோணத்தில் இராமாநுஜன் 1903-ஆம் ஆண்டளவிற் பெற்ற கணித நூலும் தேர்வின்பொருட்டு எழுந்ததே. கேம்பிரிட்ஜ்த் தேர்வுக்கு மாணாக்கரைப் பயிற்றிய கார் என்பார் அதனைத் தொகுத்தார். அதன்கண் முடிபுகள் மிகுதி. நிறுவும் வழியோ மிகச் சுருக்கம். இராமாநுஜன் அவற்றை நெட்டுருச் செய்தாரல்லர். தாமே நிறுவிக் கண்டார். அதுவே நுமக்கும் நெறி.

ஆகலின், முதற்கண் இவ்வாண்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, நீக்கப்பட்ட பகுதிகளின் வினாக்களை விலக்குக. எஞ்சியவற்றை ஆண்டு முறையால் அன்றிப் பாட முறையால் வகுத்து வைக்க. விடையை மூடி வைத்துத் தாமே செய்க. பிழைத்தவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, அப்பகுதியைப் பாடநூலில் மீண்டும் படிக்க. பின்னர் எண்ணை மாற்றியும் நிபந்தனையை மாற்றியும் தாமே புதுவினா அமைத்துப் பார்க்க. மிக அண்மைத் தாளொன்றை மட்டும் தொடாது வைத்திருந்து, தேர்வுக்கு முந்திய வாரத்திற் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதுக. அஃதொன்றே நும் தகுதியை உள்ளவாறு காட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வினாத்தாள்களைத் தொகுத்து நம் சங்க நூல்நிலையத்தில் வைப்பீராக, தேர்ந்த மாணவரைக் கொண்டு இளையார்க்கு வாரம் ஒருநாள் பயிற்சி நடத்துவீராக. நம் குடும்பங்களிற் கல்விச் சம்பளம் வியர்வை சிந்தி வருவது. நாம் இழந்த ஓராண்டினை நம் பிள்ளைகளில் ஒருவரேனும் இழத்தல் கூடாது.