சாலைப் பள்ளமும் தண்ணீர்த் தடுப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்னைக்குச் சென்று வந்தவர்கள் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தியாகராயநகர்ப் பனகல் பூங்கா ஆகிய இடங்களில் சாலையைக் குறுக்கிக்கொண்டு பெரும்பணி நடந்ததைக் கண்டிருப்பீர்கள். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்ற மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி அது. பள்ளத்தைச் சுற்றி உயரமான தகர வேலி. வண்டிகள் வளைந்து திரும்பும் இடங்களில் சிவப்பும் வெள்ளையுமாக பிளாஸ்டிக் தொட்டிகள்.

எங்களுடன் வந்திருந்த உறுப்பினர் ஒருவர், "இந்தப் பெட்டியா லாரியைத் தடுக்கும்?" என்று நகைத்தார். காலால் தள்ளியும் பார்த்தார். அசையவில்லை. உள்ளே தண்ணீர்!

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஐந்நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி நிரம்பினால் ஏழெட்டு நெல் மூட்டைகளின் கனம் வந்துவிடும். காலியானால் இரண்டு ஆட்கள் தூக்கி வண்டியில் ஏற்றலாம். கான்கிரீட் கட்டைக்கோ கிரேன் வேண்டும். வண்டி மோதினால் தொட்டி நசுங்கும், நீர் சிதறும், கோத்திருக்கும் அடுத்த தொட்டிகளும் சேர்ந்து இழுபடும். இவ்விதம் வேகம் தணிகிறது. கோக்காமல் தனித்தனியே வைத்தால் பயன் பாதிதான். தண்ணீர் ஊற்றாமல் நிறுத்துவது அதனினும் மோசம். பலத்த காற்றே அதனை உருட்டிவிடும். மோதும்போது தடுப்பு சற்று நகருமாதலால் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வைக்கலாகாது. ஆழமான குழிக்குத் தனி வேலியும் வேண்டும்.

இதை ஏன் கிராமத்தில் பேசுகிறோம்? சென்ற மழைக்காலத்தில் நம் வட்டாரத்தில் சிறுபாலத்துக்கு வெட்டிய பள்ளத்தின் முன்னால் இரண்டு கருங்கற்களும் ஒரு கருவேலங்கிளையும்தான் இருந்தன. விடியுமுன் பால் கொண்டு சென்ற ஒருவர் வண்டியோடு உள்ளே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. எங்கள் மேற்பார்வையில் நடந்த வேலை அது. நாங்கள் அதை மறக்கவில்லை.

இந்தியச் சாலைக் காங்கிரசு 2014இல் வெளியிட்ட எஸ்.பி. 55 என்னும் வழிகாட்டி, வேலையிடத்துக்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பலகை வைத்து, பிறகு சாய்வாகத் தடுப்பு நிறுத்தி, வண்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பச் சொல்கிறது. இரவில் மின்னும் பட்டையும் விளக்கும் அவசியம்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனியே வாங்க வேண்டுவதில்லை. ஒன்றியத்தில் சில தொட்டிகள் இருந்தால் முறை வைத்துக் கொண்டு செல்லலாம். நிரப்புவதற்குக் குடிநீர் வேண்டாம். குளத்து நீர் போதும். மூடியை இறுக மூடுங்கள். திறந்து கிடந்தால் ஒரு வாரம், பத்து நாட்களில் டெங்குக் கொசு வளர்ந்து வெளிப்படும். வேலை முடிந்ததும் அடியிலுள்ள அடைப்பைத் திறந்து, அந்த நீரைச் சாலையோர மரக்கன்றுகளுக்கு விடுங்கள்.

தடுப்பு வரும்வரை, வெள்ளையடித்து மணல் நிரப்பிய பீப்பாய்களை நிறுத்தலாம். அடுத்த மாதம் குழாய் பதிக்கும் பஞ்சாயத்துகள், இந்தச் செலவையும் சேர்த்தே மதிப்பீட்டை எங்களிடம் கொண்டுவரக் கோருகிறோம்.